அடுக்களையிலிருந்து கண்ணாடி அலமாரிக்கு

உலகத்தில் பொருள் சேகரிக்கும் பைத்தியங்கள் பல வகை. தபால் தலை சேகரிப்பவர்கள் உண்டு. பழைய நாணயம் சேகரிப்பவர்கள் உண்டு. தீப்பெட்டிப் படம் சேகரிக்கும் சிறுவர்களை நாம் வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறோம். சமயங்களில் அவர்களுடைய செல்வத்தைப் பறிமுதலும் செய்திருக்கிறோம். ஆனால், பிறர் காப்பி குடித்துக் கழுவிக் கவிழ்த்த பழைய கோப்பையை, அதுவும் விளிம்பில் சற்றே பின்னமானதை, துணியில் சுற்றிப் பொக்கிஷம்போல் பாதுகாக்கும் பைத்தியம் ஒன்று உண்டு என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் தெரிந்துகொண்டோம்.

ஸ்வீடன் தேசத்துத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் உத்தியோகம் பார்க்கும் நம் பழைய மாணாக்கன் ஒருவன், ஊருக்கு வந்தவன், நம்மையும் பார்த்துவிட்டுப் போக வந்தான். கையில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் காகிதச் சுருள், சுருளுக்குள் துணி, துணிக்குள் ஒரு கோப்பையும் அதற்குரிய சிறு தட்டும். பால் வெள்ளைப் பீங்கானின்மேல் பச்சை இலைகள் பந்தலில் படர்ந்தாற்போல் வரிசையாக நின்றன.

"பழைய சாமான் கடையில் கிடைத்தது, ஸார். லிண்ட்பெர்க் போட்ட சித்திரம். உங்களுக்காக எடுத்து வந்தேன்" என்றான்.

லிண்ட்பெர்க் என்பவர் யார் என்று நாம் கேட்பதற்குள், வீட்டு அம்மாள் அந்தக் கோப்பையை உள்ளே கொண்டுபோய் அலம்பி, அதிலேயே அவனுக்குக் காப்பியும் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பையன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, அம்மா! இது குடிக்கிறதற்கு இல்லை, அலமாரியில் வைக்கிறதற்கு!"

"காப்பிக் கோப்பை காப்பி குடிக்கிறதற்கு இல்லையென்றால் வேறு எதற்கு அப்பா?"

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தோம். தேடத் தேட, அது ஒரு வீட்டுக் கூடத்தில் எழுந்த சாதாரணக் கேள்வி அல்லவென்றும், வட ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாகக் கலைஞர்களையும் ஆலை முதலாளிகளையும் ஆட்டிவைத்த கேள்வி என்றும் தெரிய வந்தது. அந்த வரலாற்றை வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

தொழிலாளி வாங்காத தட்டு

கதை 1917-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஐரோப்பா முழுதும் யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்த காலம். ஸ்வீடன் யுத்தத்தில் கலக்கவில்லை. ஆயினும் உணவுப் பஞ்சமும் விலைவாசி ஏற்றமும் அதை விட்டுவைக்கவில்லை. கிராமங்களை விட்டு ஆலைகளை நாடி வந்த ஜனங்கள் நகரங்களில் ஓர் அறையும் ஓர் அடுக்களையும் மாத்திரமே கொண்ட சிறு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். இவர்கள் வீட்டு நாற்காலியும் விளக்கும் தட்டும் அழகாயிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கத் தொடங்கினார்கள். எல்லென் கேய் என்னும் ஸ்வீடிஷ் எழுத்தாளர் 1899-ஆம் ஆண்டிலேயே 'அழகு அனைவருக்கும்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அந்த விதை 1917-இல் முளைவிட்டது.

அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில் லில்யவால்க்ஸ் கலைக்கூடத்தில் ஸ்வீடனின் கைத்தொழிற் சங்கத்தார் 'வீட்டுக் கண்காட்சி' ஒன்றை நடத்தினார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஏற்ற அறைகளை மேஜை, நாற்காலி, பாத்திரங்களுடன் அமைத்துக் காட்டினார்கள். இதற்காகவே சங்கத்தார் முன்கூட்டியே ஓவியர்களை ஆலைகளுக்கு அறிமுகம் செய்துவைத்திருந்தார்கள். ஸ்டாக்ஹோமுக்கு அருகே வெர்ம்டோ என்னும் தீவில் 1825 முதல் நடந்துவந்த குஸ்தாவ்ஸ்பெர்க் பீங்கான் தொழிற்சாலைக்கு இவ்விதம் வந்து சேர்ந்தவர் வில்ஹெல்ம் கோகெ. படம் எழுதுவதும் விளம்பரச் சுவரொட்டி தீட்டுவதும் அவருக்கு அதுவரை தொழில். களிமண்ணோடு பழக்கமில்லை.

கோகெ அக்கண்காட்சிக்காக நீலநிற லில்லிப்பூ வரைந்த, விலை மலிவான உணவுப் பாத்திரத் தொகுதி ஒன்றை அமைத்தார். 'தொழிலாளர் தொகுதி' என்றே அதற்குப் பெயர் வந்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன, அறிஞர்கள் மெச்சினார்கள். 1919-இல் கிரெகோர் பால்ஸன் என்பவர் 'அன்றாடப் பொருளில் இன்னும் அழகு' என்ற கருத்தைத் தலைப்பாகவே வைத்து ஒரு சிறு நூல் எழுதினார். அந்தச் சொற்றொடர் ஒரு தலைமுறைக்கு மந்திரமாகிவிட்டது.

எல்லாம் சரி, தொழிலாளி வாங்கினானா? வாங்கவில்லை! படித்தவர்களும் ரஸிகர்களும் 'ஆகா, எவ்வளவு எளிமை!' என்று வாங்கிப்போனார்கள். தொழிலாளியோ பணக்காரர் வீட்டுப் பாத்திரம்போலப் பூவும் கொடியும் பொன் விளிம்பும் உள்ளதையே விரும்பினான். ஆண்டு முழுவதும் எளிமையிலேயே வாழ்கிறவனுக்கு எளிமை ஓர் அலங்காரமாகத் தோன்றாது அல்லவா? நல்லெண்ணம் படைத்த பெரியோர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

கோகெ மனம் தளரவில்லை. 1933-இல் 'பிராக்டிகா' என்ற பெயரில் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கத்தக்க பாத்திரங்களைச் செய்தார். ஒரு கிண்ணம் இன்னொன்றுக்கு மூடியாகும்; சிறு அலமாரியில் அத்தனையும் அடங்கும்; முழுத் தொகுதியையும் வாங்க வேண்டியதில்லை, வேண்டியதை மாத்திரம் தனித் தனியே வாங்கலாம். இத்தனை சௌகரியங்கள் இருந்தும் அது விலை போகவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1930-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் கண்காட்சியில், அதே கோகெ 'அர்கெண்டா' என்னும் அலங்காரப் பாண்டங்களை வைத்திருந்தார். பச்சைப் பாசி நிறப் பூச்சின்மேல் வெள்ளியில் மீன்களும் கடற்கன்னிகளும் மின்னும். பயனே அழகு என்று முழங்கிய கண்காட்சியில் பயனை விட மினுக்கே மிகுந்த பொருள்! அதுவோ பல ஆண்டுகள் சக்கைப்போடு போட்டது. ஏழைக்கென்று நினைத்துச் செய்தது கிடங்கில் தங்கிற்று. செல்வருக்கென்று செய்தது ஆலைக்குச் சோறு போட்டது.

இவ்விரண்டையும் சேகரிப்போர் பின்னாளில் ஒன்றாகவே தேடலானார்கள். விற்காமல் போனது அரியதாகிவிடுமன்றோ?

சக்கரத்தில் வளர்ந்தவர்

1937-ஆம் ஆண்டு குஸ்தாவ்ஸ்பெர்க் ஆலைக்கு முக்கியமானது. ஸ்வீடனின் கூட்டுறவுப் பண்டகசாலைகளின் சம்மேளனம் அவ்வாண்டில் ஆலையை விலைக்கு வாங்கிற்று. கடைகளும் அவர்களுடையவை, ஆலையும் அவர்களுடையது என்றானதும், நல்ல பாத்திரம் சாதாரண வீடுகளுக்குப் போய்ச் சேர வழி பிறந்தது. அதே ஆண்டில்தான் ஸ்டிக் லிண்ட்பெர்க் என்ற வாலிபர் கோகெயிடம் வேலைக்கு வந்தார். நம் மாணாக்கன் சொன்ன லிண்ட்பெர்க் இவரே.

லிண்ட்பெர்க்குக்கு அப்போது வயது 21. குறும்பும் கற்பனையும் நிறைந்த கை. 1942-இல் ஆலைக்குள்ளேயே ஒரு கலைக்கூடம் நிறுவப்பட்டபோது, வெள்ளைப் பூச்சுக் கொடுத்த 'ஃபயான்ஸ்' என்னும் மண்பாண்டங்களுக்கு இலை வடிவும் பூ வடிவும் கொடுத்து, கோடுகளும் புள்ளிகளும் பளிச்சென்ற வர்ணங்களில் தீட்டுவித்தார். யுத்தக் கருமை சூழ்ந்த நாளில் அவை ஜனங்களுக்குத் திருவிழாக் கடைபோல் தோன்றியிருக்க வேண்டும். குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போட்டார். துணிகளுக்கு அச்சுக் கோலம் வரைந்தார். 1949-இல் கோகெக்குப் பின் ஆலையின் கலைத் தலைவரானார். 1961 முதல் 1974 வரை அங்கே உற்பத்தியான 'பெர்ஸோ' என்ற இலைக்கோலத் தொகுதிதான் நம் வீட்டுக்கு வந்த கோப்பை. பெர்ஸோ என்றால் தோட்டத்தில் கொடி படர்ந்த நிழற்பந்தல் என்று பொருள். பந்தல்போல் தோன்றியது என்று நாம் மேலே எழுதியது தற்செயலன்று.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் போகலாகாது. லிண்ட்பெர்க்கின் ஃபயான்ஸ் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் ஒரு கை வடிவ முத்திரை இருக்கும். அது கலைக்கூடத்தின் குறி. அதன் அருகே வேறொரு சிறு குறியும் இருக்கும். அது அந்தக் கோடுகளைத் தன் தூரிகையால் வரைந்த பெண்ணின் அடையாளம். உருவம் நினைத்தவர் லிண்ட்பெர்க். நூற்றுக்கணக்கான கிண்ணங்களில் கை நடுங்காமல் கோடு இழுத்தவர்கள் இந்தப் பெண்கள். புத்தகங்களில் பெரிய எழுத்தில் வருவது ஒரு பெயர். பாண்டத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது மற்றொன்று. நல்ல சேகரிப்பாளன் இரண்டையும் படிக்கிறான்.

அதே ஆலையில் பெர்ண்ட் ஃப்ரீபெர்க் என்று ஒருவர் இருந்தார். 1899-இல் ஹோகனேஸ் என்னும் மண்பாண்டத் தொழில் ஊரிலே பிறந்து, சிறு பிராயத்திலேயே சக்கரத்தின்முன் உட்கார்ந்தவர். 1934-இல் குஸ்தாவ்ஸ்பெர்க்குக்கு வந்து, கோகெ வரைந்து கொடுத்த உருவங்களை வனைந்து கொடுப்பதே வேலையாக இருந்தார். பிறர் கனவுகளுக்குத் தன் விரல்களால் உடல் கொடுத்த இந்தத் தொழிலாளி, 1940-களின் நடுவில் தாமே கலைஞராகத் தலைநிமிர்ந்தார். ஜாடிகளையும் கிண்ணங்களையும் பிறர் கையில் விடாமல் தாமே வனைந்தார். தாமே பூச்சுகளைப் பதப்படுத்தினார். பண்டைச் சீனத்தில் ஸுங் வம்சத்தார் காலத்துக் குயவர்கள் முயலின் ரோமம்போல் மெல்லிய இழைகள் ஓடும் பூச்சைக் கண்டிருந்தார்கள். அதன் வழியைப் பின்பற்றிப் பழுப்பிலும் நீலத்திலும் பச்சையிலும் ஃப்ரீபெர்க் செய்த ஜாடிகள், தொட்டால் பட்டுத் துணி போலிருக்கும் என்று கையில் எடுத்தவர்கள் சொல்லுகிறார்கள். விரல் உயரமே உள்ள சிறு ஜாடிகளையும் சக்கரத்தில் வனைந்தார்; அவற்றிலும் கழுத்தும் வாயும் பெரிய ஜாடிக்கு உள்ள கணக்குப்படியே அமைந்திருக்கும். மிலான் நகரத்துப் பெரிய கண்காட்சிகளில் 1948, 1951, 1954 ஆகிய மூன்று தடவைகளிலும் அவருக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது.

தொழிலாளிக்காகத் தட்டுச் செய்ய வேண்டும் என்று தொடங்கிய ஆலையில், கடைசியில் ஒரு தொழிலாளியே தலைசிறந்த கலைஞரானார் என்பதில் நமக்குத் தனித்த திருப்தி உண்டு.

ரசாயனம் கற்ற மாது

இனி, கடல் தாண்டி டென்மார்க்குக்குப் போவோம். அங்கே மண்பாண்டக் கலையில் புதுயுகம் பிறந்ததற்கு முக்கிய காரணம் ஓர் ஓவியர் அல்லர். நதாலி கிரெப்ஸ் என்னும் ரசாயனப் பொறியியல் கற்ற பெண்மணி. குன்னர் நியூலுண்ட் என்னும் சிற்பக் கலைஞரோடு சேர்ந்து 1929-இல் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். நியூலுண்ட் சீக்கிரத்திலேயே ஸ்வீடனின் ரோர்ஸ்ட்ராண்ட் ஆலைக்குப் போய்விட்டார். கிரெப்ஸ் 'ஸாக்ஸ்போ' என்ற பெயரில் பட்டறையை நடத்தலானார். உருவங்களை வகுக்க ஈவா ஸ்டேர்-நீல்ஸன் என்ற மற்றொரு பெண்மணி வந்து சேர்ந்தார். ஒருவர் வடிவம், மற்றவர் பூச்சு. இவ்விருவர் கூட்டில் அந்தப் பட்டறை 1968 வரையில் நடைபெற்றது.

பூச்சுக்கு ரசாயனம் ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். மண்ணைச் சுமார் 1,250 டிகிரி சூட்டில் சுட்டால் அது கல்லைப்போல் இறுகி, நீரைக் குடிக்காத தன்மை அடைகிறது. இதற்கு 'ஸ்டோன்வேர்' என்று பெயர். அதன்மேல் தடவும் கல்பொடிக் கலவை அச்சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படிகிறது. அக்கலவையில் சிறிது இரும்பைச் சேர்த்தால் பழுப்போ கறுப்போ வரும். சூளையில் காற்றைக் குறைத்தால் அதே இரும்பு இளம்பச்சையாகும். செம்பைச் சேர்த்தால் சாதாரணமாகப் பச்சை. காற்றுக் குறைந்த சூளையிலோ அதே செம்பு மாட்டு ரத்தம்போல் சிவக்கும். கலவையில் ஒரு சிட்டிகை கூடினாலும், சூளையில் ஒரு நாழிகை தவறினாலும் நிறம் மாறிவிடும். சீனக் குயவர்கள் பரம்பரை அநுபவத்தால் அறிந்ததைக் கிரெப்ஸ் தராசும் குறிப்புப் புத்தகமும் கொண்டு கண்டுபிடித்தார். ஸாக்ஸ்போ பாண்டங்களில் சித்திரம் அநேகமாக இராது. வடிவும் பூச்சுமே அலங்காரம். ஆரவாரம் ஏதும் செய்யாத அந்தப் பாண்டங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதற்கு நேர்மாறானவர் ஆக்ஸெல் ஸால்டோ. இவரும் டேனிஷ்காரர், ஓவியர், 1917-இல் ஒரு கலைப் பத்திரிகை தொடங்கி நடத்தியவர். 1930-களிலிருந்து ராயல் கோபன்ஹேகன் பீங்கான் ஆலையில் இவர் செய்த ஜாடிகளைப் பார்த்தால், மண்ணுக்கு உயிர் வந்து துளிர்விடத் தொடங்கிவிட்டதோ என்று தோன்றும். பலாக்காயின் முள்ளைப்போலப் புடைத்தவை சில; விதை வெடித்து முளை கிளம்புவது போன்றவை சில. மேடான இடங்களில் பூச்சு வழிந்து மெலிந்து, பள்ளங்களில் தேங்கித் தடித்து, ஒரே நிறம் பல நிறமாகத் தெரியும்படி செய்திருப்பார். இவற்றை யாரும் சாப்பாட்டு மேஜைக்கென்று வாங்கவில்லை. ஆகவே, ஸால்டோவின் ஜாடி அலமாரியில் இருப்பதில் குற்றமில்லை; அதற்காகவே பிறந்தது அது.

பெயர் வேண்டாம் என்றவர்

நமது வீட்டு அம்மாளின் கேள்விக்கு நெருங்கிய விடை கிடைப்பது ஃபின்லாந்தில். பூகோளப்படி அது ஸ்காண்டினேவியாவைச் சேர்ந்ததன்று என்று பூகோள ஆசிரியர்கள் ஆட்சேபிக்கலாம். சேகரிப்போர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஸ்வீடனின் ரோர்ஸ்ட்ராண்ட் ஆலையார் 1873-இல் ஹெல்ஸிங்கியில் நிறுவிய 'அராபியா' ஆலை பின்பு ஃபின்லாந்துக்காரர்களுக்கே உரியதாகிப் பெரிதாக வளர்ந்தது.

இரண்டாவது உலக யுத்தம் ஃபின்லாந்தை நொறுக்கிவிட்டது. கரேலியா என்ற மாகாணத்தின் பெரும்பகுதி பறிபோயிற்று. அங்கிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசல் துறந்து வந்து சேர்ந்தார்கள். யுத்த நஷ்டஈடு வேறு கட்ட வேண்டியிருந்தது. சாமான் குறைவு, இடம் குறைவு. இந்த நிலையில் 1945-இல் அராபியாவுக்கு வந்தார் காய் ஃபிராங்க். பழைய நாள் விருந்துத் தொகுதிகளில் பெரிய தட்டு, சிறிய தட்டு, ரசத்துக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று என்று எத்தனையோ உருப்படிகள். ஆண்டில் இரண்டு நாள் மேஜைக்கு வந்து மற்ற நாட்களில் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கும். இவை இனி வேண்டாம் என்று ஃபிராங்க் தீர்மானித்தார். வட்டம், சதுரம் முதலிய எளிய வடிவங்கள்; வெள்ளை, கறுப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற தனி நிறங்கள்; பூவில்லை, பொன் விளிம்பில்லை. எதையும் எதனோடும் சேர்க்கலாம். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மாத்திரம் வாங்கலாம். இதற்குக் 'கில்டா' என்று பெயர். 1953-இல் கடைக்கு வந்தது. கோகெயின் பிராக்டிகாவில் தோற்ற எண்ணம் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஃபிராங்கின் கையில் வென்றது. காலம் கனிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கில்டாவில் பால் வைக்க ஒரு சிறு குப்பி உண்டு. குளிர் நாடாகையால் ஃபின்லாந்து வீடுகளின் ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடிக் கதவுகள். குளிர்ப்பெட்டி பரவாத நாளில் அவற்றின் இடைவெளியில்தான் பாலை வைப்பார்கள். அந்த இடைவெளியில் சரியாக நுழையும் அளவில் குப்பியைச் செய்தார் ஃபிராங்க்! ஒரு குடும்பத் தலைவியின் தினசரிக் கஷ்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கே இப்படித் தோன்றும்.

கில்டா 1970-களில் நின்று, 1981-இல் கெட்டியான ஸ்டோன்வேரில் மறுபிறப்பு எடுத்தது. மறுபிறப்பின் பெயர் 'தேமா'. தமிழாசிரியர்கள் உடனே 'புளிமா எங்கே?' என்று கேட்க வேண்டாம். அந்நாட்டு மொழியில் தேமா என்றால் கருப்பொருள் என்று அர்த்தம்.

இதே ஃபிராங்க் 1960-களில் இன்னொன்றும் சொன்னார். அன்றாடம் புழங்கும் பொருளில் அதை வகுத்தவன் பெயரைப் பெரிதாகப் போட்டு விற்பது கூடாது. பொருள் தன் பயனாலேயே பேசட்டும் என்றார். சக கலைஞர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 'காய் ஃபிராங்க்' என்ற பெயரைச் சொல்லியே அவர் செய்த பழைய கிண்ணங்களுக்கு வியாபாரிகள் விலை ஏற்றினார்கள்.

கவிழ்த்துப் பார்க்கும் கலை

சேகரிப்போர் கடைக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் காரியம், பாத்திரத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. குஸ்தாவ்ஸ்பெர்க்குக்கு நங்கூர முத்திரை. ரோர்ஸ்ட்ராண்டுக்கு மூன்று கிரீடங்கள். ராயல் கோபன்ஹேகனுக்கு டென்மார்க்கின் மூன்று ஜலசந்திகளைக் குறிக்கும் மூன்று அலைக்கோடுகள். ஃப்ரீபெர்க் தம் பெயரோடு ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் கீறிவைப்பார். அதைக் கொண்டு பாண்டம் பிறந்த வருஷத்தைக் கணக்கிடலாம். ராயல் கோபன்ஹேகன் முத்திரையின் குறுக்கே ஒரு கீறல் இருந்தால், அது ஆலையிலேயே இரண்டாந்தரம் என்று ஒதுக்கப்பட்டது என்று அறிய வேண்டும். பெர்ஸோ போன்ற சில கோலங்கள் பிற்காலத்தில் மறுபடியும் உற்பத்தியானமையால், பழையதா புதியதா என்பதையும் அடி முத்திரையே சொல்லும்.

இரண்டாவது காரியம், காதைக் கொடுப்பது. சந்தையில் பானை வாங்கும் நம் பாட்டிமார்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்களே, அதே வித்தைதான். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் மணிபோல் ஒலிக்க வேண்டியது சொத்தென்று ஒலிக்கும். மூன்றாவது, விரல் நுனியால் விளிம்பைச் சுற்றித் தடவுவது. பின்னத்தைக் கண்ணை விட விரல் சீக்கிரம் கண்டுகொள்ளும். ஒட்டிச் சரிசெய்து வர்ணம் பூசி மறைத்திருந்தால், புற ஊதா விளக்கின் கீழ் அந்த இடம் வேறு நிறமாகத் தெரிந்து மோசடியைக் காட்டிக்கொடுக்கும்.

அரும்பொருள்கள் ஏலத்துக்கு வரும். ஸ்டாக்ஹோமில் 1674-ஆம் ஆண்டில் தொடங்கிய ஏல நிலையம் ஒன்று உண்டு. ஏலம் அங்கே நெடுநாள் பழக்கம். ஆனால் மெய்யான ரஸிகர்கள் சுற்றுவது, 'லோப்பிஸ்' என்று ஸ்வீடனில் வழங்கும் பழைய சாமான் சந்தைகளில். பாட்டி காலமானதும் பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்து, அடுக்களைச் சாமான்களைப் பெட்டி பெட்டியாக அங்கே கொண்டுவந்து இறக்குகிறார்கள். தகர டப்பாக்களுக்கும் உடைந்த பொம்மைகளுக்கும் நடுவே ஒரு கில்டா கிண்ணமோ ஒரு பெர்ஸோ தட்டோ தலைநீட்டும். நம் மாணாக்கன் கண்டெடுத்த கோப்பையும் அப்படி யாரோ ஒரு மூதாட்டி நாற்பது ஐம்பது வருஷம் காப்பி குடித்ததாகவே இருக்க வேண்டும்.

ஒரு ஜாக்கிரதையும் சொல்லிவிடுகிறோம். உயர்ந்த சூட்டில் சுட்ட பீங்கானையும் ஸ்டோன்வேரையும் பற்றிப் பெரும்பாலும் பயமில்லை. தாழ்ந்த சூட்டில் சுட்ட பழைய வர்ணப் பாண்டங்களின் பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடும். அவற்றில் புளிப்பான பண்டங்களை வைத்து உண்பது தகாது. அழகுக்காக ஆரோக்கியத்தை அடகு வைப்பானேன்?

அணைந்த சூளைகள்

இந்தச் சேகரிப்பில் வேறொரு சோகமும் கலந்திருக்கிறது. 1726-இல் தொடங்கிய ரோர்ஸ்ட்ராண்ட், ஸ்டாக்ஹோமிலிருந்து இடம் பெயர்ந்து கடைசியாக லிட்ஷோப்பிங் என்ற ஊரில் நடந்துவந்தது. 2005-இல் அவ்வூர் ஆலையும் மூடப்பட்டது. உற்பத்தி இலங்கைக்கும் ஹங்கேரிக்கும் போயிற்று. ஹெல்ஸிங்கியில் அராபியாவின் சூளைகள் 2016-இல் அணைந்தன. வேலை தாய்லாந்துக்கும் ருமேனியாவுக்கும் சென்றது. முத்திரை அதுவே, கைகள் வேறு. இலங்கைத் தொழிலாளியின் கை ஸ்வீடன் தொழிலாளியின் கைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அவர்களுக்கு வேலை கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும், தந்தைக்குப் பின் மகன், தாய்க்குப் பின் மகள் என்று ஒரே ஆலையில் வேலை செய்துவந்த ஊர்களுக்கு, சூளை அணைவது கோவில் விளக்கு அணைவது போன்றதுதான்.

குஸ்தாவ்ஸ்பெர்க்கில் பீங்கான் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள பெரிய சேகரத்தைக் கூட்டுறவுச் சம்மேளனத்தார் 2000-இல் ஸ்வீடனின் தேசீய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார்கள். டென்மார்க்கிலும் மிடில்ஃபார்ட் என்ற ஊரில் மண்பாண்டக் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. தனி மனிதர்கள் பைத்தியம் பிடித்தாற்போல் சந்தை சந்தையாகத் திரிந்து பொறுக்கியிராவிட்டால், இந்தக் கலைச் செல்வத்தில் எவ்வளவோ குப்பைமேட்டுக்குப் போயிருக்கும். சேகரிப்பவனைப் பரிகசித்துத் தொடங்கிய நாம், இந்த மட்டில் அவனுக்கு வந்தனம் செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் ஒன்று. ஏழைக் குடும்பம் தினந்தோறும் கையில் எடுக்கும் பொருள் அழகாயிருந்தால் அவர்கள் வாழ்விலும் கொஞ்சம் ஒளி பரவும் என்ற நம்பிக்கையில்தான் கோகெ லில்லிப்பூ வரைந்தார். ஃபிராங்க் பூவையே துறந்தார். அந்தத் தட்டில் சோறு விழ வேண்டும், அந்தக் கோப்பையின் சூடு உள்ளங்கையில் ஏற வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். பெயரையும் முத்திரையையும் விலையையும் மாத்திரம் பார்த்துப் பூட்டிவைப்பவன், கடிதத்தைப் பிரிக்காமல் தபால் தலையை மட்டும் எடுத்துக்கொள்பவனைப் போன்றவன்.

இதையெல்லாம் பிறகு ஒரு நாள் நம் மாணாக்கனிடம் தொலைபேசியில் எடுத்துச் சொன்னோம். அன்று அவன் என்ன செய்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊற்றிய காப்பியை மறுக்க மாட்டாமல், இரண்டு கைகளாலும் அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, மெள்ள மெள்ளக் குடித்தான். குடித்து முடித்துவிட்டு, "கைக்கு ரொம்ப இதமாக இருக்கிறது, ஸார். வாங்கி மூன்று வருஷமாகிறது, இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றான். எட்டு வயதில் வாய்ப்பாடு ஒப்பித்த அதே முகம்!

இப்போது அந்தக் கோப்பை நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பிக்கு வருகிறது. மற்ற நாட்களில் அலமாரியில் ஓய்வு எடுக்கிறது. வீட்டு அம்மாளுக்கு மாத்திரம் ஒரு குறை. "ஒரே ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு யாருக்கென்று கொடுக்கிறது? அடுத்த தடவை வரும்போது ஆறாக வாங்கி வரச் சொல்லுங்கள்" என்றாள்.

"தொகுதி தொகுதியாக வாங்கக் கூடாது என்று ஃபிராங்க் சொல்லியிருக்கிறாரே!" என்றோம்.

"அதற்கென்ன? ஆறும் வெவ்வேறாக இருக்கட்டும்."

காய் ஃபிராங்க் கேட்டிருந்தால் நிச்சயம் சந்தோஷப்பட்டிருப்பார்.